போனில் வரும் ஏமாற்று: இராமநாதபுரம் கடற்கரை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நம் கரை நெடுக இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. மீன் விற்ற காசு, வெளிநாட்டுச் சம்பளம், அரசு உதவித்தொகை எல்லாம் அதன் வழியாகத்தான் வந்துபோகின்றன. அந்தக் காசைக் குறிவைக்கிறவர்கள் நம் ஊரையும் நம் தொழிலையும் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் எப்போது, நேவி கேம்ப் எங்கே இருக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை துபாயில் இருக்கிறான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பொய்யை நிஜத்தின் மேல் ஒட்டிக் கொண்டுவருவதால்தான் விவரமானவர்களும் ஏமாறுகிறார்கள்.

பணம் போய்விட்ட பதற்றத்தில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டுப் போனை எடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அக்கவுண்டிலிருந்து பணம் போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். நாடு முழுவதற்கும் இணையப் பண மோசடிக்கான அவசர எண் இதுதான். உங்களிடமிருந்து போன பணம் ஒரே கணக்கில் நிற்காது. அங்கிருந்து இரண்டு, மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். 1930இல் நீங்கள் சொல்லும் விவரம் அந்தந்த வங்கிகளுக்குப் போகும். பணம் அப்போது எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேயே அதை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். வெளியே எடுத்துவிட்டால் நிறுத்த ஒன்றும் இருக்காது. அதனால் முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம்.

கூப்பிடும்போது பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கிப் பெயர், பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். யுபிஐ என்றால் அந்த எண் 12 இலக்கம். ஜிபேயிலோ போன்பேயிலோ அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். லைன் கிடைக்காவிட்டால் விடாமல் போடுங்கள். அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் புகாரைப் பதியட்டும். வங்கியையும் கூப்பிட்டுக் கார்டையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண்களும் அங்கே கிடக்கின்றன. ஏடிஎம் கார்டின் பின்பக்கம் உள்ள எண்தான் சரி.

ஏமாற்றியவனோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

நம் கரைக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு வீட்டுக்காரர் பேரில் இருக்கும், அவர் கடலுக்குப் போயிருப்பார். ‘வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்’ என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். விவரம் கையில் இருந்தால் நீங்களே 1930ஐக் கூப்பிடுங்கள். அவர் கரை சேர்வதற்குள் அந்தப் பணம் நாலு மாநிலம் தாண்டியிருக்கும்.

போன பணம் திரும்ப வருமா?

எல்லாருக்கும் வராது. எந்த நிலையில் நிறுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தது. நிறுத்திவைக்கப்பட்ட தொகையைச் சட்டப்படி மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம், கொஞ்சம் அலைச்சல் உண்டு.

வங்கியின் பொறுப்பு தனி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. 4 முதல் 7 நாள் என்றால் ஒரு வரம்புவரை உங்கள் பங்கு உண்டு. நீங்களே ஓடிபியைச் சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போனால் அது வங்கியின் பொறுப்பு. ஆகவே ‘நான்தானே ஓடிபி கொடுத்தேன், இனி சொல்லி என்ன பயன்’ என்று இருந்துவிடாதீர்கள். கணக்கில் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாம். வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448.

‘மீன்வளத்துறையிலிருந்து பேசுகிறோம், தடைக்கால நிவாரணம் ஏற ஓடிபி சொல்லுங்கள்’ என்கிறார்கள். என் பேர், ஊர், சங்கம் எல்லாம் சரியாகச் சொல்கிறார்களே?

பேரும் சங்கமும் தெரிந்திருப்பதை வைத்து எதையும் நம்ப முடியாது. பட்டியல்கள் கைமாறும். ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த ஒரு தாள் போதும்.

நடைமுறையை யோசித்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அதற்கான நிவாரணம் முன்பு 5,000 ரூபாயாக இருந்தது. அதை 8,000 ஆக்குவதாக 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார்கள். அந்தப் பணம் துறை சரிபார்த்த பட்டியலின்படி நேராக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கணக்கில் பணம் போடுவதற்கு யாருக்கும் உங்கள் ஓடிபி தேவையில்லை. ஓடிபி கேட்கிறார்கள் என்றாலே எடுக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது பேசுவதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்புவதும் நடக்கிறது. பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருக்கும். பிஎம் கிசான், வண்டி அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று பல பேரில் வருகிறது. தொட்டு நிறுவிவிட்டால், உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அவனுக்கும் போகும். ஓடிபியை அவன் கேட்கவே தேவையில்லை. தெரியாமல் நிறுவிவிட்டீர்களா? உடனே நெட்டை அணைத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியையும் 1930ஐயும் கூப்பிடுங்கள். முக்கியமான படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, தெரிந்த கடையில் கொடுத்துப் போனை முழுவதும் அழித்து ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.

நிவாரணம் வந்ததா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் சங்கத்தில் கேளுங்கள், மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். நடந்துபோகிற தூரத்தில் கேட்பதற்கு ஆள் இருக்கும்போது, முகம் தெரியாதவன் கொடுத்த எண்ணில் ஏன் கேட்க வேண்டும்?

மகளிர் உரிமைத்தொகை விஷயமாக போன் வந்தால்?

அதே பதில்தான். மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறுவதற்கு ஓடிபி வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் தாலுகா அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ கேளுங்கள்.

‘நேவி கேம்பிலிருந்து பேசுகிறேன், மீன் வேண்டும்’ என்று பெரிய ஆர்டர் வருகிறது. நம்பலாமா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராணுவ அதிகாரி போல் பேசி ஹோட்டல்காரர்களையும் கடைக்காரர்களையும் ஏமாற்றுவது நாடு முழுக்க நடக்கிறது. நம் பக்கம் அது எளிதாக எடுபடும். ஏனென்றால் உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளம் நிஜமாகவே இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிஜமாகவே இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் போய்வருகிறவருக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

காலையில் ஒரு போன். பாதி இந்தி, பாதி ஆங்கிலம். கேம்பில் விருந்து, 20 கிலோ சீலா, 10 கிலோ இறால், வெட்டிக் கழுவித் தரவேண்டும், மதியம் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்பான். விலை சொன்னால் மறுபேச்சு கிடையாது. யூனிபார்ம் போட்ட படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நீங்கள் மீனை வெட்டிக் கழுவி ஐஸ் பெட்டியில் அடுக்கி முடிக்கும்வரை காசைப் பற்றிப் பேசமாட்டான். அது வேண்டுமென்றே செய்வது. வெட்டின மீனை வேறு யார் தலையில் கட்டுவது என்ற பதைப்பு உங்களுக்கு வந்தபிறகுதான் அடுத்த போன் வரும்.

‘எங்கள் கணக்கில் பணம் அனுப்பும் முறை வேறு. முதலில் 1 ரூபாய் அனுப்புங்கள், திரும்ப 2 ரூபாய் வரும்’ என்பான். அனுப்பினால் வரவும் செய்யும். நம்பிக்கை வந்துவிடும். அடுத்து ஒரு கியூஆர் படம் அனுப்பி, ‘இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், முழுத்தொகையும் ஏறிவிடும்’ என்பான். பின் போட்ட நொடியில் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும். ‘ஐயோ, தப்பாகிவிட்டது, திருப்பித் தருகிறேன், இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று மறுபடியும் எடுப்பான்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டியது இதுதான்: பாதிக் காசு முன்பணமாகக் கடைக்கு ஆள் அனுப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது கேம்ப் வாசலுக்கு நேரில் வந்து பேசுகிறேன் என்று சொல்லுங்கள். நிஜமான வாங்குபவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

பணம் வாங்கவும் பின் நம்பர் வேண்டுமா? தவறுதலாகப் பணம் வந்துவிட்டது, திருப்பி அனுப்பு என்கிறார்களே?

பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பின் போடுகிறோம் என்றாலே பணம் வெளியே போகிறது. இந்த ஒரு விஷயத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

தவறுதலாகப் பணம் வந்ததாகச் சொன்னால், எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து நம்பாதீர்கள். வங்கி அனுப்புவது போலவே எவனும் எழுதி அனுப்பலாம். கணக்கில் இருப்பைப் பாருங்கள். நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். ‘உங்கள் வங்கியில் சொல்லுங்கள், அவர்கள் வழியாக வரட்டும்’ என்று சொல்லிவிட்டு உங்கள் வங்கிக்கும் தெரியப்படுத்துங்கள். கருவாட்டுக் கடை, நண்டுக் கடை வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காமல், சவுண்ட் பாக்ஸ் சொன்னபிறகோ உங்கள் போனில் பார்த்தபிறகோ கொடுங்கள். காலையில் கடை திறந்ததும் கியூஆர் அட்டையைத் தடவிப் பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விரலுக்குத் தெரியும்.

நான் மீன் விற்ற காசுதான் வந்தது. ஆனால் என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். ஏன்?

மனசு கஷ்டப்படுகிற விஷயம் இது. ஒரு தப்பும் செய்யாத வியாபாரிக்கும் நடக்கிறது. யாரையோ ஏமாற்றிய பணம் கைமாறி, அதில் ஒரு சிறு தொகையை வைத்து ஒருவன் உங்களிடம் கருவாடு வாங்கியிருப்பான். புகார் வந்து பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வரும்போது உங்கள் கணக்கும் அதில் சிக்கும். புகார் வேறு மாநிலத்தில் இருக்கும்.

முதலில் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து மூன்று விவரம் கேளுங்கள்: புகார் எண், எந்த ஊர் சைபர் கிரைம் காவல் நிலையம், எவ்வளவு தொகை சம்பந்தப்பட்டது. பிறகு அந்த நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் உங்கள் பில், வாங்கியவர் பேசிய வாட்ஸ்அப், உங்கள் தொழிலுக்கான அத்தாட்சி எல்லாவற்றையும் வைத்து அனுப்புங்கள். சம்பந்தப்பட்ட தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைத் திறந்துவிடக் கேளுங்கள். உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் அப்படித்தான் உத்தரவிட்டிருக்கின்றன. நம் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. இடையில் ‘நான் திறந்து தருகிறேன்’ என்று வரும் புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனிமேலாவது வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பச் செலவுக்கான காசு அதோடு சேர்ந்து முடங்காது. ஒரு சின்ன பில் புத்தகமும் போடுங்கள்.

என் கணக்கை ஒருவர் பயன்படுத்திக்கொள்ளக் கமிஷன் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கூடவே கூடாது. கல்லூரிப் பையன்களிடமும் வேலை இல்லாத பையன்களிடமும்தான் இதைக் கேட்கிறார்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். மேலே நாம் பேசிய திருட்டுப் பணம் எல்லாம் ஓடுவது இப்படி வாங்கிய கணக்குகளில்தான். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கின் பேர் யாருடையதோ அவர் வாசலில். அப்புறம் பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே சொல்லி நிறுத்தலாம்.

வெளிநாட்டு வேலை விளம்பரம் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

நம் கரையில் வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பாத ஊர் அபூர்வம். அதனால் இதில் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் இருக்க வேண்டும். அரசின் இ-மைகிரேட் தளத்தில் பேரையோ உரிம எண்ணையோ போட்டுப் பாருங்கள். உரிமம் உள்ள ஏஜெண்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டாலோ, ரசீது தரமாட்டேன் என்றாலோ விலகிவிடுங்கள். ‘டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்று ‘டேட்டா என்ட்ரி’ வேலைக்குக் கூப்பிட்டால் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட நிறையப் பேர் அங்கே போய்ப் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடைத்துவைக்கப்பட்டு, அடி வாங்கி, நம் ஊர் ஆட்களையே போனில் ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கப்பட்டார்கள். தாய்லாந்து வேலை என்று சொல்லி மியான்மருக்குக் கடத்துவதைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022இலேயே எச்சரித்தது. உங்களைக் கூப்பிட்டு மிரட்டுகிறவனும் சில நேரம் அப்படிச் சிக்கியவனாகவே இருக்கலாம்.

‘உம்மா, நான்தான் பேசுகிறேன், அவசரமாகப் பணம் வேண்டும்’ என்று மகன் குரலிலேயே போன் வந்தால்?

பேஸ்புக்கில், ரீல்ஸில் போட்ட வீடியோவில் உள்ள சில நொடிக் குரலை வைத்தே இப்போது அதேபோல் குரல் செய்துவிடுகிறார்கள். படமும் மகன் படமாகவே இருக்கும். போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் அவனோடு அறையில் இருக்கும் ஊர்க்காரரைக் கூப்பிடுங்கள். கீழக்கரையோ பெரியபட்டினமோ, துபாயிலும் சவூதியிலும் பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவராவது இருப்பார். அவர் எண்ணை இன்றே வாங்கி வையுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல்லும் பேசிவைத்துக்கொள்ளலாம். செல்லப்பெயரோ, பழைய பூனையின் பேரோ எதுவாகவும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் திருட்டும் இதோடு சேர்ந்ததுதான். ‘ஆறு இலக்க எண் ஒன்று தவறி உன் போனுக்கு வந்துவிட்டது, சொல்லு மச்சான்’ என்று தெரிந்தவர் கணக்கிலிருந்தே கேட்பார்கள். சொன்னால் உங்கள் வாட்ஸ்அப்பும் போய்விடும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள்.

‘உங்கள் ஆதாரில் கடத்தல் கேஸ், வீடியோ காலிலேயே கைது’ என்கிறார்கள்.

கடல் அட்டை, கஞ்சா, தங்கம் என்று நம் கரையில் நிஜமாகவே வழக்குகள் செய்தியில் வருவதால் பயம் வருவது இயல்பு. ஆனால் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும், சுங்கத்துறையும், நீதிபதியும் வீடியோ காலில் விசாரித்துப் பணம் கட்டச் சொல்வதில்லை. ‘யாரிடமும் சொல்லக்கூடாது, காலைக் கட் செய்யக்கூடாது’ என்பதுதான் இவர்களின் அடையாளம். கட் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இலங்கைக் கடற்படை பிடித்துப் போனவரை விடுவிக்கிறோம் என்று பணம் கேட்டால்?

பணம் அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் சோறு இறங்காது, யார் நம்பிக்கை கொடுத்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் விடுதலை என்பது அங்குள்ள நீதிமன்றம் வழியாகவும், இரண்டு அரசுகளுக்கிடையிலான பேச்சு வழியாகவும்தான் நடக்கும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. தகவல் மீன்வளத்துறைக்கும் மீனவர் சங்கத் தலைவர்களுக்கும் வரும். எந்த அழைப்பு வந்தாலும் சங்கத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். மற்றவர்களும் ஒரு உதவி செய்ய வேண்டும்: பிடிபட்டவர்களின் வீட்டு போன் நம்பரோடு பட்டியலை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாதீர்கள்.

ஓடிபி இல்லாமலே கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறார்களாமே?

ஆதார் எண், வங்கிப் பெயர், விரல் ரேகை மூன்றும் இருந்தால் போதும், ஓடிபி வராது. கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும் வலை இழுப்பவர்களுக்கும் ரேகை தேய்ந்திருப்பதால், மிஷினில் நாலைந்து தடவை வைக்கவேண்டி வரும். ‘சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வை அக்கா’ என்று சொல்லி, முதல் தடவையே எடுத்துவிட்டு மறுபடி எடுக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு தடவைக்கும் சீட்டு கேளுங்கள், திரையில் என்ன தொகை என்று வாசிக்கச் சொல்லுங்கள். எம்-ஆதார் ஆப்பிலோ ஆதார் தளத்திலோ கைரேகையைப் பூட்டிவைத்து, வேண்டும்போது மட்டும் திறக்கலாம். ஆதார் உதவி எண் 1947.

ராமேஸ்வரத்தில் ரூம் போட முன்பணம் கட்டினார் எங்கள் சொந்தக்காரர். வந்து பார்த்தால் ரூமே இல்லை.

லாட்ஜ் பேரிலும் தங்கும் விடுதி பேரிலும் போலித் தளம் போடுவார்கள், மேப்பில் உள்ள எண்ணையும் மாற்றிவிடுவார்கள். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு நீங்களே ஒருமுறை நடந்துபோய்க் கேட்டுச் சொல்வதுதான் பெரிய உதவி. பணம் தனி ஆள் பேருக்குப் போகிறது என்றால் கட்டவேண்டாம்.

தடைக்காலத்தில் கை இறுக்கம். லோன் ஆப்பில் வாங்கலாமா?

போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கும் ஆப் வேண்டவே வேண்டாம். பிறகு படத்தை மாற்றிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி மிரட்டுவார்கள். கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு, வங்கி நகைக்கடன் இவற்றில் எது முடியுமோ அதைப் பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் மிரட்டலுக்குப் பயந்து மேலும் கட்டாதீர்கள். 1930இல் சொல்லுங்கள்.

ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவமானம். புகார் கொடுக்காமல் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஏமாற்றியவன் இதையே தொழிலாக, ஆள் வைத்து, எழுதிவைத்துப் பேசுகிறான். நாம் சமைத்துக்கொண்டோ வலை பின்னிக்கொண்டோ இருக்கும்போது வந்த ஒரு போன் அது. வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ‘படிச்சவதானே, இதுகூடத் தெரியாதா’ என்று திட்டாதீர்கள். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் பலர் இரண்டு நாள் கழித்துச் சொல்கிறார்கள், அதற்குள் பணம் கைவிட்டுப் போய்விடுகிறது. வெளியே சொன்னால், அதே எண்ணிலிருந்து பக்கத்து ஊருக்கு வரும் போனுக்காவது ஒருவர் சுதாரித்துக்கொள்வார். ராமநாதபுரத்திலேயே மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரிலும் போகலாம்.

புகார் கொடுத்தபிறகு ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று ஒருவர் பேசுகிறார். கட்டணம் கேட்கிறார்.

அவரும் அதே கூட்டம்தான், அல்லது உங்கள் எண்ணை அவர்களிடம் வாங்கியவர். போலீசோ வங்கியோ மீட்டுத்தரக் கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு, உங்கள் புகார் எண்ணோடு சேர்த்துச் சைபர் கிரைம் நிலையத்தில் கொடுங்கள்.